விளக்கிலிருந்து ரொட்டிக்கு: திமிங்கில எண்ணெய் போன வழி

மஞ்சள் டப்பாவில் பச்சைப் பனைமரம் போட்ட டால்டாவை நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உள்ளே இருந்தது தீர்ந்த பிறகும் அரிசி அளக்க, துளசி வளர்க்க, ஆணி போட்டு வைக்க என்று அந்த டப்பா ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே கிடக்கும். டால்டா தாவர எண்ணெயில் செய்தது. திமிங்கிலத்துக்கும் அதற்கும் சொட்டுச் சம்பந்தம் இல்லை. ஆனால் ஓடும் எண்ணெயை நெய்போல உறைய வைக்கும் வித்தை இருக்கிறதே, அது நம் ஊர்ச் சமையலறைக்கு வந்து சேர்வதற்கு முன்னால் அண்டார்ட்டிகா பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வந்தது. அங்கே லட்சக்கணக்கான திமிங்கிலங்களின் தலையெழுத்தை அது மாற்றி எழுதியது. கதையை அங்கிருந்து தொடங்கினால் புரியாது. ஆயிரம் ஆண்டு பின்னால் போகலாம்.

ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பிஸ்கே வளைகுடாக் கரையில் பாஸ்க் மக்கள் பதினோராம் நூற்றாண்டிலேயே திமிங்கிலம் பிடித்தார்கள். கரையோரக் குன்றில் ஒருவர் காவல் இருப்பார். தூரத்தில் நீர் பீய்ச்சுவது கண்ணில் பட்டால் குரல் கொடுப்பார், படகுகள் இறங்கும். அவர்கள் குறிவைத்தது மெதுவாக நீந்துகிற, கொழுப்புத் தடித்த, செத்த பிறகும் மிதக்கிற ஒரு வகையை. கொழுப்பை வெட்டிக் கொப்பரையில் உருக்கினால் எண்ணெய். அதை விளக்குக்கும் சோப்புக்கும் நெசவுக்கும் ஐரோப்பா முழுக்க வாங்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பாஸ்க்காரர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி இன்றைய கனடாவின் லாப்ரடார் கரைக்கே போய்க் கொப்பரை வைத்தார்கள்.

இந்த விஷயம் உலகத்துக்கே மறந்து போயிருந்தது. செல்மா பார்க்கம் என்ற பெண்மணி, கணவரை இழந்தபின் நான்கு பிள்ளைகளோடு ஸ்பெயினுக்குப் போய், 1970-களில் அங்கிருந்த ஆவணக் காப்பகங்களில் பழைய உயில்களையும் காப்பீட்டுப் பத்திரங்களையும் வழக்குக் கட்டுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். லாப்ரடாரில் எந்தத் துறையில் எந்தக் கப்பல் நின்றது என்பது வரைக்கும் அவற்றில் இருந்தது. 1977-ல் ஆட்களோடு அங்கே போய்த் தேடினால், ரெட் பே என்ற சிற்றூரில் சிவப்புக் கூரை ஓட்டுத் துண்டுகள் கிடைக்கின்றன. லாப்ரடாரில் யார் ஓடு சுட்டார்கள்? கொப்பரைக் கொட்டகைக்குக் கூரை போட பாஸ்க் ஊர்களிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவை அவை. மறு ஆண்டே, 1565-ல் எண்ணெய்ப் பீப்பாய்களோடு மூழ்கிய கப்பலும் துறைமுகத்தின் அடியில் அகப்பட்டது. நானூறு வருஷத்துப் பெருந்தொழில் ஒன்றை, கடன்காரர்களும் வாரிசுகளும் போட்ட கையெழுத்துகள்தான் காப்பாற்றி வைத்திருந்தன.

தொழில் தெரிந்தவன் இருந்தால் பார்த்துக் கற்றுக்கொள்கிறவன் வராமல் இருப்பானா? 1611-ல் ஆங்கிலேயரின் மஸ்கோவி கம்பெனி வடதுருவத்துக்கு அருகிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கனுக்குக் கப்பல் அனுப்பியது. ஈட்டி எறியத் தெரிந்த பாஸ்க் ஆட்களைச் சம்பளம் கொடுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். அவர்களும் பாஸ்க்காரர்களைத்தான் கூலிக்குப் பிடித்தார்கள். வித்தை கைவந்ததும் குருமார்களுக்கு வேலை போயிற்று. டச்சுக்காரர்கள் அந்தப் பனிக்கரையில் கொழுப்பு உருக்க ஊரே அமைத்து, அதற்குக் கொழுப்பூர் என்ற பொருளில் ஸ்மீரன்பர்க் என்று பெயரும் வைத்தார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரையில், அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலும் இதே பாடம்தான். 1690-ல் வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்துத் திமிங்கிலம் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு ஆழ்கடலில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தைத் துரத்தப் போனார்கள். அதன் பெருந்தலைக்குள் திரவ மெழுகு நிறைந்திருக்கும். வெளியே எடுத்து ஆறவிட்டால் வெள்ளையாக உறையும். அதில் செய்த மெழுகுவத்திக்குப் புகையில்லை, நாற்றமில்லை, வெயிலில் வளைவதுமில்லை. பணக்காரர் வீட்டு மேசைகளில் அது ஏறிக்கொண்டதும், 1761-ல் அமெரிக்க மெழுகுவத்தி உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி, கச்சாப் பொருளுக்கு இதற்கு மேல் விலை கொடுப்பதில்லை என்று கைகோத்துக்கொண்டார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலை வைப்பது பாறையெண்ணெய் வருவதற்கு நூறாண்டு முன்பே வந்துவிட்டது.

அந்த மெழுகுவத்தி வெளிச்சத்துக்கே அளவுகோலாகவும் ஆனது. 1860-ல் இங்கிலாந்துச் சட்டம், எரிவாயு விளக்கின் பிரகாசத்தை எதோடு ஒப்பிடுவது என்று வரையறுத்தது: ஆறு சேர்ந்தால் ஒரு பவுண்டு நிற்கிற, மணிக்குச் சுமார் 7.8 கிராம் எரிந்து கரைகிற ஸ்பெர்ம் மெழுகுவத்தி ஒன்று. ‘இத்தனை மெழுகுவத்தி வெளிச்சம்’ என்று பல்புகளைக் கணக்கிட்ட வழக்கம் அங்கே போய் நிற்கிறது.

அதற்குள் பென்சில்வேனியாவில் பூமியைத் துளைத்தாயிற்று. 1859-ல் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் பாறையெண்ணெய் ஊறியது. மண்ணெண்ணெய் மலிவாக வந்து திமிங்கில எண்ணெயை விளக்கிலிருந்து துரத்தியது. 1861 ஏப்ரலில் நியூயார்க்கின் ‘வேனிட்டி ஃபேர்’ பத்திரிகையில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. கோட்டும் கவுனும் அணிந்த திமிங்கிலங்கள் பென்சில்வேனிய எண்ணெய்க் கிணறுகளைக் கொண்டாடி விருந்தும் நடனமும் நடத்துகின்றன. மண்ணெண்ணெய்தான் திமிங்கிலத்தைக் காப்பாற்றியது என்று இன்றும் மேடைகளில் முழங்குகிறவர்கள் இந்தப் படத்தைக் காட்டத் தவறுவதில்லை. சந்தை தானே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று சொல்ல இதைவிட அழகான உதாரணம் கிடைக்காது. என்ன, அது நடக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏறக்குறைய 29 லட்சம். மண்ணெண்ணெய்க்குப் பிந்திய கணக்கு இது.

நார்வேயின் டோன்ஸ்பெர்க் ஊரைச் சேர்ந்த ஸ்வென் ஃபோயின் என்ற கப்பல்காரர் 1870-ல் ஒரு காப்புரிமை பெற்றார். நீராவிப் படகின் மூக்கில் பீரங்கி, பீரங்கியில் ஈட்டி, ஈட்டி நுனியில் வெடிகுண்டு. உடம்புக்குள் போய் அது வெடிக்கும். நீலத் திமிங்கிலத்தையும் ஃபின் திமிங்கிலத்தையும் துரத்திப் பிடிப்பது அதுவரை அநேகமாக முடியாத காரியம். அவ்வளவு வேகம், செத்தால் மூழ்கியும் விடும். நீராவி வேகத்துக்குப் பதில் சொன்னது. செத்த உடம்புக்குள் குழாய் செருகிக் காற்றடித்து மிதக்க விட்டார்கள். பூமியின் மிகப் பெரிய விலங்கு மனிதன் கைக்கு எளிதாக எட்டியது. ஆனால் அதன் எண்ணெயை வாங்க ஆள் வேண்டுமே? விளக்கு போய்விட்டது, அந்த நாற்றத்தோடு அதை வேறெதற்குப் பயன்படுத்துவது?

இங்கேதான் டால்டாவின் பாட்டனார் வருகிறார். ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன், சூடான எண்ணெயில் நிக்கல் பொடியைக் கலந்து ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் திரவம் கெட்டிக் கொழுப்பாக உறைகிறது என்று கண்டு 1902-ல் காப்புரிமை பெற்றார். உரிமை இங்கிலாந்தின் வாரிங்டன் நகர சோப்புக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. பிறகு அந்தக் கம்பெனியே லீவர் சகோதரர்களின் கைக்குப் போனது. இந்த முறையில் கெட்டிப்பட்ட திமிங்கில எண்ணெயின் மீன்வாடையும் அடங்கிவிட்டது. வெண்ணெய் வாங்க வசதியில்லாத ஐரோப்பியத் தொழிலாளி ரொட்டியில் தடவிக்கொண்ட மார்ஜரினுக்குள் அது சத்தமில்லாமல் நுழைந்தது. சாப்பிட்டவர்களில் பலருக்குத் தாம் சாப்பிடுவது என்னவென்றே தெரியாது. லீவர் கம்பெனி 1919-ல் சொந்தமாகத் திமிங்கில வேட்டைக் கம்பெனியையே வாங்கிப்போட்டது. பின்னாளில் டச்சு மார்ஜரின்காரர்களோடு சேர்ந்து யூனிலீவர் ஆகி, உலகத் திமிங்கில எண்ணெயின் மிகப் பெரிய வாடிக்கையாளர் ஆனது. டால்டாவில் தாதா என்ற டச்சுக் கம்பெனியின் பெயருக்கு நடுவே நுழைந்த ‘ல்’ அந்த லீவருடையது. 1937-ல் நம் சந்தைக்கு அது வந்தபோது, வித்தைக்கு வயது முப்பத்தைந்து.

இடையில் முதல் உலகப் போர் வேறு. திமிங்கில எண்ணெயில் சோப்புக் காய்ச்சும்போது கிடைக்கிற கிளிசரினிலிருந்து வெடிமருந்து. பதுங்குகுழிச் சகதியில் கால் அழுகாமலிருக்க பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாதத்தில் தேய்த்துக்கொள்ளவும் திமிங்கில எண்ணெய்தான்.

அத்தனை எண்ணெயும் எங்கிருந்து வந்தது? ஒரு விபத்திலிருந்து. 1903-ல் கார்ல் ஆன்டன் லார்சன் என்ற நார்வே மாலுமியின் கப்பலை அண்டார்ட்டிகப் பனி நெரித்து மூழ்கடித்தது. அர்ஜென்டினாவின் போர்க்கப்பல் ஒன்று அவரை மீட்டு பியூனஸ் அயர்ஸுக்குக் கொண்டுபோனது. அங்கே அவருக்கு விருந்து. நன்றி சொல்ல எழுந்தவர், உங்கள் வாசலில் இவ்வளவு திமிங்கிலம் கிடக்கிறதே, ஏன் பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று கேட்டுவைத்தார். பணக்காரர்கள் நிறைந்த விருந்து, முதல் சேர்ந்துவிட்டது. 1904-ல் தெற்கு ஜார்ஜியா தீவில் கிரிட்விக்கன் நிலையம் எழுந்தது. தொடக்கத்தில் வெளிக்கடலுக்குப் போகவே தேவையிருக்கவில்லை. விரிகுடாவிலேயே கூன்முதுகுத் திமிங்கிலங்கள் நின்றன.

தீவு பிரிட்டனுடையது. ஆகவே உரிமம் உண்டு, பீப்பாய்க்கு வரி உண்டு. அந்த வரிப் பணத்தில் 1925-ல் ஓர் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கினார்கள். எண்ணெயே செலவுக்குக் கொடுத்து, தன்னைத் தரும் விலங்கு எத்தனை மிச்சம் என்று எண்ணச் சொன்ன கதை. எண்ணிய முறையைக் கேளுங்கள்: எண் பொறித்த துருப்பிடிக்காத எஃகுக் குழல் ஒன்றைத் துப்பாக்கியில் போட்டு, திமிங்கிலத்தின் முதுகுக் கொழுப்புக்குள் சுடுவார்கள். திமிங்கிலம் அதோடு நீந்திப் போய்விடும். பல வருஷம் கழித்து எவனாவது அதைக் கொன்று வெட்டும்போது குழல் கிடைக்கும். சில சமயம் வெட்டும்போதும் கண்ணில் படாமல், கொப்பரையின் அடியில் கிடக்கும். லண்டனுக்கு அனுப்பினால் சன்மானம். திமிங்கிலம் எங்கே பிறந்து எங்கே போகிறது என்ற அறிவு, அதன் சாவு வழியாகவே கிடைத்துவந்தது.

1925-லேயே அந்த உரிமமும் வரியும் பல்லிழந்தன. கப்பலின் பின்புறத்தில் சரிவுப் பாதை அமைத்து, திமிங்கிலத்தை முழுசாக மேல்தளத்துக்கு இழுத்து அங்கேயே வெட்டி உருக்கும் மிதக்கும் ஆலை வந்துவிட்டது. கரையே வேண்டாம் என்றான பிறகு கரைக்காரனுக்கு எதற்கு வரி? 1930–31 பருவத்தில் 41 மிதக்கும் ஆலைகள் தென் கடலில் நின்றன. நீலத் திமிங்கிலம் மட்டும் 29,000-க்கு மேல் செத்தது. எண்ணெய் குவிந்தது, உலகப் பொருளாதாரமும் படுத்திருந்தது, விலை சரிந்தது. அடுத்த பருவத்தில் நார்வேக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டே கிளம்பவில்லை.

திமிங்கிலத்துக்கு வாய்த்த முதல் உருப்படியான கட்டுப்பாடு இந்த விலைச் சரிவிலிருந்து பிறந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. 1932-ல் நார்வே, பிரிட்டன் கம்பெனிகள் உற்பத்தியைப் பங்கு போட்டுக்கொண்டன. எத்தனை வகைத் திமிங்கிலம்! கணக்கு வைக்க ஒரு பொது அளவு தேவைப்பட்டது. அதுதான் நீலத் திமிங்கில அலகு. ஒரு நீலம் என்றால் இரண்டு ஃபின், அல்லது இரண்டரைக் கூன்முதுகு, அல்லது ஆறு சேய் என்ற வகை. எதில் எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்பதை வைத்துப் போட்ட வாய்ப்பாடு. எந்த வகை அருகிவருகிறது, எது தழைக்கிறது என்ற கவலையே அதில் கிடையாது.

கட்டுப்பாடு என்று தெரிந்ததும், கட்டுப்படாதவர்கள் உள்ளே புகுந்தார்கள். கொழுப்புக்கு வெளிநாட்டை நம்பியிருக்கக் கூடாது என்று ஹிட்லரின் ஜெர்மனி ஆலைக்கப்பல்கள் கட்டியது. ஜப்பான் 1934-ல் ஒரு பழைய நார்வே ஆலைக்கப்பலை வாங்கி, இரண்டே ஆண்டில் சொந்தமாகக் கட்டத் தொடங்கியது. போர் முடிந்து பட்டினி கிடந்த ஜப்பானுக்கு, அங்கே ஆட்சி நடத்திய அமெரிக்கத் தளபதி மக்கார்தரே தென் கடலுக்குப் போக அனுமதி கொடுத்தார். இறைச்சி ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு. எண்ணெய் வெற்றி பெற்றவர்களுக்கு.

1946 டிசம்பரில் வாஷிங்டனில் உடன்படிக்கை கையெழுத்தாகி, சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் பிறந்தது. அது வேட்டைக்காரர்களின் சங்கம். தொழில் ஒழுங்காக வளர வேண்டும் என்று உடன்படிக்கையின் முன்னுரையிலேயே எழுதிக்கொண்டார்கள். ஆண்டுக்கு 16,000 அலகு என்று வைத்தார்கள். எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று மட்டும் பிரிக்கவில்லை. பந்தியில் மொத்தச் சோற்றை நடுவில் கொட்டி, ஓடி வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்ற மாதிரி. எல்லாக் கப்பலும் ஒரே நாளில் புறப்பட்டுப் பறக்கும். வாராவாரம் நார்வேயின் சான்டெஃபியோர்டு நகரத்துக்குத் தந்தி போகும். 16,000 ஆனதும் விசில். அந்தப் பந்தயத்துக்குத் திமிங்கில ஒலிம்பிக் என்றே பெயர்.

விசிலை மதிக்காதவர்களும் இருந்தார்கள். கிரேக்கக் கப்பலதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸ், ஜெர்மானிய மாலுமிகளை வைத்து ‘ஒலிம்பிக் சேலஞ்சர்’ என்ற ஆலைக்கப்பலை 1950-லிருந்து ஓட்டினார். பருவம் தொடங்குமுன் வேட்டை, தடைசெய்த வகை, குட்டி, எதுவும் விலக்கில்லை. 1954-ல் பெருவின் கடற்படை அவர் கப்பல்களைச் சிறைபிடித்தது. மனிதர் அதற்கும் லண்டனில் காப்பீடு எடுத்து வைத்திருந்தார்! 1956-ல் நார்வேயின் திமிங்கில வேட்டைப் பத்திரிகை அவர் குட்டை உடைத்தபோது, கப்பலை ஜப்பானுக்கு விற்றுவிட்டு லாபத்தோடு கிளம்பினார். அவருடைய உல்லாசப் படகின் மதுக்கூட இருக்கைகளுக்கு உறை போட்டிருந்தது திமிங்கில ஆண்குறித் தோலில். விருந்தாளிப் பெண்களிடம் அதைச் சொல்லிச் சிரிப்பது அவருக்கு வாடிக்கை.

ஒனாசிஸ் சில்லறைத் திருடர். மொத்த வியாபாரம் சோவியத் யூனியனுடையது. தென் அரைக்கோளத்தில் 2,710 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றதாக அது ஆணையத்துக்குக் கணக்குக் காட்டியது. கொன்றது 48,000-க்கு மேல். நம் பக்கத்துக் கடலையும் அது விடவில்லை: 1966-ல் அரபிக்கடலில் 200-க்கு மேற்பட்ட கூன்முதுகுகள், அந்த ஆண்டுகளில் வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கு மேல் நீலம். மார்ஜரின் ஆசையோ இறைச்சிப் பசியோ இதற்குக் காரணம் இல்லை. திட்ட இலக்கு என்று ஓர் எண் இருந்தது. அதை எட்டினால் ஊக்கத்தொகை, தாண்டினால் அடுத்த ஆண்டு இலக்கு இன்னும் பெரிது. உண்மைக் கணக்கை அழிக்கச் சொல்லி மேலிட உத்தரவு வந்தபோது, திமித்ரி டோர்மோசோவ் என்ற விஞ்ஞானி தன்னிடமிருந்த ஏடுகளை வீட்டு உருளைக்கிழங்குக் கிடங்கில் பதுக்கினார். 1993-ல் அலெக்ஸி யாப்லோகோவ் உண்மையைப் போட்டு உடைத்த பிறகுதான் அந்தக் கட்டுகள் வெளியே வந்தன.

சோவியத் நீர்மூழ்கிகள் பேரில் இருந்த பயமே திமிங்கிலத்துக்கு வேறொரு நன்மையும் செய்தது. பெர்முடா கடலடியில் அமெரிக்கக் கடற்படை ஒலிவாங்கிகளைப் போட்டு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. அதில் பணிபுரிந்த ஃபிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளருக்கு இடையிடையே முனகலும் கீச்சும் கேட்டன. கூன்முதுகுத் திமிங்கிலங்கள்! வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்தால் சத்தத்தை வைத்தே தேடிவிடுவார்கள் என்று நாடாக்களை மூடியே வைத்திருந்தார். 1960-களின் பிற்பகுதியில், ஆந்தை இருட்டில் எலியை எப்படிப் பிடிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ரோஜர் பெய்னிடமும் அவர் மனைவி கேட்டி பெய்னிடமும் அவற்றைக் கொடுத்தார். ஒலியைக் கோடுகளாக வரைந்து பார்த்தபோது, ஒரே வரிசை மறுபடி மறுபடி வந்தது, அது பாட்டு. 1970-ல் இசைத்தட்டாக வந்து பரபரப்பாக விற்றது. 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் ஏறியது. 1979-ல் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழோடு மெல்லிய தட்டாக ஒரு கோடியே ஐந்து லட்சம் வீடுகளுக்குப் போயிற்று. எண்ணெய்ப் பீப்பாயாக மட்டும் தெரிந்த பிராணி பாடகராகிவிட்டது.

சந்தையும் இதற்குள் மாறிக்கொண்டிருந்தது. சோயாவும் செம்பனையும் மார்ஜரினைப் பிடித்துக்கொண்டன; பிரிட்டன் 1963-ல் கப்பல்களை ஜப்பானுக்கு விற்றுவிட்டு ஒதுங்கியது. ஸ்பெர்ம் எண்ணெய் மட்டும் கார்களின் கியர்ப்பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குக் கதவடைத்ததும், அரிசோனா, கலிபோர்னியாப் பாலைவனத்துப் புதர்ச்செடி ஒன்றின் விதையில் அதே தன்மையுள்ள மெழுகு இருப்பதைத் தேடிப் பிடித்தார்கள். ஷாம்பூ பாட்டிலில் ஹோஹோபா என்று படிக்கிறோமே, அந்தச் செடிதான்.

ஆனால் விலை போனதால் வேட்டை நிற்கவில்லை. ஜப்பானுக்கு இறைச்சி வேண்டும், மாஸ்கோவுக்கு எண் வேண்டும். அதை நிறுத்தியது ஒரு வாக்கெடுப்புத் தந்திரம். வேட்டைக்காரர் சங்கத்தில் சேர வேட்டையாட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்பதை 1970-களில் சிலர் கவனித்தார்கள். உறுப்பினர்கள் மளமளவென்று கூடினார்கள். கடலே இல்லாத சுவிட்சர்லாந்து 1980-ல் உள்ளே வந்தது. இந்தியா மறு ஆண்டு. எல்லோருக்கும் முன்னால் நின்றது சேஷல்ஸ் என்ற குட்டித் தீவு நாடு. 1979-ல் அது கேட்டுத்தான் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயம் ஆனது. 1982 ஜூலை 23 அன்று இங்கிலாந்தின் பிரைட்டனில், வணிக வேட்டையையே நிறுத்திவைக்கும் தீர்மானமும் அதனுடையதுதான். தேவை நான்கில் மூன்று பங்கு வாக்கு. ஆதரவு 25, எதிர்ப்பு 7, நடுநிலை 5. எண்ணெய் விலையைக் காக்கக் கட்டிய வீட்டில், எண்ணெயே வேண்டாம் என்றவர்கள் குடிபுகுந்துவிட்டார்கள்.

தோற்றவர்களும் பாடம் படித்துக்கொண்டார்கள். வேட்டை ஆதரவு அணிக்கும் புது உறுப்பினர்கள் வந்தார்கள்: 2002-ல் மங்கோலியா, 2004-ல் மாலி. கடல் அவற்றுக்கும் இல்லை. 2006-ல் தடையே தேவையில்லை என்று ஓர் அறிக்கை 33-க்கு 32 என ஒரே வாக்கில் நிறைவேறியும் விட்டது. தடையை நீக்கவோ அதே நான்கில் மூன்று வேண்டும், எட்டவில்லை. நார்வே 1993-லிருந்து ஆட்சேபம் தெரிவித்தபடியே வேட்டையாடுகிறது. ஆராய்ச்சி என்ற பெயரில் அண்டார்ட்டிகாவில் வேட்டையாடிய ஜப்பானுக்கு 2014-ல் சர்வதேச நீதிமன்றம் குட்டு வைத்தது. 2019-ல் ஜப்பான் ஆணையத்தைவிட்டே வெளியேறி, இப்போது தன் சொந்தக் கடலில் வேட்டையாடுகிறது. இறைச்சியை விற்கத் தானியங்கிப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். வாங்குவோர் குறைவு.

தெற்கு அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியில் 1950-களில் சுமார் 450 ஆகக் குறைந்திருந்த கூன்முதுகுகள் இப்போது 25,000 அளவுக்கு வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் 2,39,000 இருந்து 1973-ல் 360-க்கு இறங்கிய அண்டார்ட்டிக நீலத் திமிங்கிலம் அவ்வளவு வேகமாகத் திரும்பவில்லை. சில ஆயிரங்களில்தான் நிற்கிறது.

இலங்கையின் தென்முனை தேவேந்திரமுனைக்கு எதிரே ஆண்டு முழுக்க நீலத் திமிங்கிலங்கள் தங்குகின்றன. சேஷல்ஸ் வாங்கிக் கொடுத்த சரணாலயத்துக்குள் அந்தக் கடலும் அடங்கும். ஈட்டிப் பீரங்கி அங்கே வராது. மலாக்கா நீரிணையிலிருந்து மேற்கே போகும் கப்பல்கள் வரும். உலகத்தின் நெரிசலான கடல்வழிகளில் ஒன்று அது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஏற்றிய செம்பனை எண்ணெயும் அந்த வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் போகிறது. மார்ஜரினில் திமிங்கிலத்தின் இடத்தைப் பிடித்த அதே எண்ணெய். கப்பல் மோதிச் செத்த நீலத் திமிங்கிலங்கள் கரை ஒதுங்குவதும், ஒன்று கொள்கலன் கப்பலின் முகப்பில் செருகியபடி கொழும்புத் துறைமுகத்துக்கே வந்து சேர்ந்ததும் உண்டு. பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதல் பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022-ல் தானாகவே தன் கப்பல்களை விலகிப் போகச் சொன்னது. அதிகாரபூர்வமான பாதை இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறது.